பொலக்ஸ் முந்திக்கொண்டது

றெமிஜியஸின் மருத்துவமனை அறைச் சாளரம் கிழக்கு நோக்கியது. தை மாத மாலைகளில், வானம் தெளிந்திருந்தால், எதிர்க்கட்டடத்தின் மேல்விளிம்பைத் தாண்டி மிதுனத்தின் விண்மீன்கள் இரண்டும் வரும். முதலில் கஸ்ரர், பிறகு, சற்றுக் கூடுதலான ஒளியுடன், பொலக்ஸ். அவற்றின் கதையை அவன் மனைவி றெஜினாவுக்குச் சொல்லியிருந்தான். கிரேக்கரின் அந்த இரட்டையரில் கஸ்ரர் சாகப் பிறந்தவன், பொலக்ஸ் சாவில்லாதவன். கஸ்ரர் இறந்தபோது பொலக்ஸ் தந்தை சியூஸிடம் சென்று, தன் சாகாவரத்தில் பாதியை அவனுக்குக் கொடுத்தான்.

இதயம் இனித் தேறாது என்று மருத்துவர்கள் கூறிய நாளிலிருந்து றெமிஜியஸ் தன்னைக் கஸ்ரர் என்றே குறிப்பிட்டான். பொலக்ஸ், பிறம்ரன் நகரில் லொறி ஓட்டும் அவனுடைய இரட்டைச் சகோதரன் அன்புராசா.

“பாதி என்னத்துக்கு, முழுசையும் எடடா. எனக்கது ரஃபிக்கிலைதான் போகுது” என்று அன்புராசா ஒருமுறை சொல்லியிருந்தான். அவனைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதைத் தவிர றெமிஜியஸுக்கு வேறு விருப்பம் எஞ்சியிருக்கவில்லை.

அன்புராசா நெடுஞ்சாலையோரம் நிறுத்திய லொறிக்குள்ளேயே மாரடைப்பால் இறந்தான். நோயாளிக்குச் சாவு சொல்வதில்லை என்பது வழக்கம். விவாதிக்க எதுவும் இருக்கவில்லை. அன்புராசா தொலைவிலுள்ள வின்னிபெக்குக்குச் சரக்கேற்றிச் சென்று பனிப்புயலில் மாட்டியிருப்பதாக றெஜினா கூறினாள். றெமிஜியஸின் கைத்தொலைபேசி திருத்தக் கொடுக்கப்பட்டது. பார்க்க வந்தவர்கள் அனைவரும் முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டார்கள். கறுப்பு உடையோடு எவரும் அனுமதிக்கப்படவில்லை.

சண்முகலிங்கத்துக்கும் சொல்லியிருந்தார்கள். அன்புராசாவுடன் லொறி ஓட்டியவர். றெமிஜியஸை முன்பு கண்டதில்லை. உடலைப் பார்வையிட்ட கையோடு நோயாளியையும் பார்ப்பதே முறை என்று, காருக்குள் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார். வின்னிபெக்கின் பனிப்புயல் என்ற பொய்யை வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார். சகோதரர் இருவரும் ஒரே முகம் கொண்டவர்கள் என்பதை மட்டும் எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அது அந்தக் குடும்பத்தில் எவருக்கும் செய்தியாகப் பட்டதில்லை.

சற்று முன் சவப்பெட்டிக்குள் கண்ட முகம் தலையணையில் கண்மூடிக் கிடந்தது. பிறகு அது கண்ணைத் திறந்தது. பின்வாங்கியவரின் முதுகு கதவில் மோதியது.

“முருகா” என்றார், மெதுவாக.

றெமிஜியஸ் அவரை நெடுநேரம் பார்த்தான். அந்நியர் ஒருவர் தன் முகத்தைக் கண்டு அஞ்சுவதற்கு ஒரு காரணந்தான் இருக்க முடியும்.

“பெட்டி திறந்தோ வைச்சிருக்கினம்?”

“ஓம்.”

“வடிவாய்ச் செய்திருக்கினமோ?”

“ஓம் தம்பி. நித்திரை மாதிரித்தான்.”

றெஜினா தேநீருடன் வந்தாள். அன்புராசா வின்னிபெக்கிலிருந்து அழைத்ததாகவும், பனி குறைந்ததும் புறப்படுவதாகவும் தெரிவித்தாள். சண்முகலிங்கம் தரையைப் பார்த்தார்.

“ஓம்” என்றான் றெமிஜியஸ். “அவசரமில்லை, ஆறுதலாய் வரச் சொல்லு.”

சாளரத்தில் முதலாவது விண்மீன் வந்திருந்தது. சாவில்லாதவன் முந்திக்கொண்டால் என்ன செய்வது என்று கிரேக்கர் சொல்லவில்லை. சாகப் பிறந்தவனிடம் பாதியாக்கிக் கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை. இரண்டாவது தெரியுமுன் திரைச்சீலையை மூடச் சொன்னான்.