ஒரு கரண்டி அபிப்பிராயம்

சூப் வருவதற்கு முன்னால் அலாரம் வந்துவிட்டது.

கூரையிலிருந்து வீலென்று ஓர் அலறல். பக்கத்து மேசைப் பெண்மணி கையிலிருந்த கிளாஸைத் தவறவிட்டாள். வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் இருந்த அத்தனை பேரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு சமையலறைக் கதவைப் பார்த்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் கூரையைப் பார்த்தார்.

"சென்சார் கோளாறா இருக்கும். எங்க லிஃப்ட்லயும் இப்படித்தான், ஒண்ணுமே இல்லாததுக்குக் கத்தும்" என்றார்.

"ஒண்ணுமே இல்லையா? வெண்ணெய் கருகின நாத்தம் மூக்கைத் துளைக்குது. ஜலதோஷமா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"ஆமா... லேசா."

சொல்லிவிட்டுத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். தப்பித்தோம் என்று நிம்மதிப்பட முடியவில்லை. தப்பிப்பதற்காக அவர் இன்று வரவில்லை. சொல்லிவிடத்தான் வந்திருந்தார்.

அலறல் நின்றது. மேனேஜர் மேசை மேசையாகப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தவர், இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அடடே, மெக்கானிக் சார்! என்ன இன்னிக்கு முன்வாசல் வழியா?"

மாடிக்குத் தட்டு ஏற்றுகிற சின்ன லிஃப்டைப் பழுதுபார்க்க, பின்வாசல் வழியாக எத்தனையோ தடவை வந்தவர்தான். முன்பக்கத்தில் இப்படி மெத்தை நாற்காலிகள் இருப்பதே அவருக்கு இன்றுதான் தெரியும்.

"கல்யாண நாள் சார். பொண்ணு ஹாஸ்டல்ல இருந்தே மேசை புக் பண்ணிட்டா."

"அதோட விட்டாளா? அப்பா நாப்கினைக் கழுத்துல கட்டிக்காம பாத்துக்கோம்மான்னு எனக்கு உத்தரவு வேற" என்று மனைவி சேர்த்துக்கொண்டாள். மேனேஜர் சிரித்தபடி நகர்ந்தார்.

மடியில் விரித்திருந்த நாப்கினை மெக்கானிக் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவரை ஒரு வாரம் படுக்கப்போட்டது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபியும் வெந்நீரும் ஒன்றுதான். ஆரஞ்சுப் பழத்துக்கும் ஈரப் பஞ்சுக்கும் வித்தியாசமில்லை. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இன்னும் வரவில்லை.

வேறு வீடாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். இந்த வீட்டில் அது அவ்வளவு சுலபமில்லை.

மனைவிக்கு ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனில் சமையல் பொறுப்பு. அங்கே எல்லோருக்கும் அவள் 'சூப்பக்கா'. எந்தப் புதுப் பண்டமானாலும் முதலில் வீட்டு அடுப்பில்தான் ஏறும். இறக்கியதும் மரக்கரண்டியோடு கூடத்துக்கு வந்து அவர் வாயருகே நீட்டுவாள். அவர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லவேண்டும். உப்பு. புளிப்பு. சப்பு. சரி. 'சரி' என்று வந்தால்தான் அது கேன்டீனுக்குப் போகும்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், அடிப்பிடித்த குழம்பை ஆஹா என்று சாப்பிட்டு மாட்டிக்கொண்டார். அன்று வாங்கிய சத்தியம் இது: "வேற எதுல வேணா பொய் சொல்லிக்கோங்க. சாப்பாட்டுல மட்டும் கூடாது."

காய்ச்சல் விட்ட வாரத்தில் அவள் காளான் சூப் பரீட்சை செய்துகொண்டிருந்தாள். நாலு தடவை கொட்டிவிட்டு ஐந்தாவது தடவை கரண்டியோடு வந்து நின்றாள். அந்த நேரத்தில் போய் என்ன சொல்வது? "சரி" என்றார். மறுநாள் கேன்டீனில் வரிசை படிக்கட்டு வரை நின்றது. அதற்கப்புறம் வாயைத் திறக்க நேரமே வாய்க்கவில்லை. எப்படியோ ஓட்டிக்கொண்டு வந்தார். அதிசயமாக, ஒரு தீர்ப்பும் பிசகவில்லை.

இப்போது விஷயம் அவர் கையை மீறிப் போயிருந்தது. தெருமுனையில் காலியாக இருக்கும் கடையை எடுத்துச் சொந்தமாக ஓட்டல் வைக்க மனைவி துணிந்துவிட்டாள்.

"நாளைக்குக் காலையில முதல் வேலை, வேலையை விடறேன்னு சொல்லப் போறேன்" என்றாள் இப்போது, மெனு அட்டையை மூடிக்கொண்டே. "கேன்டீன்ல எல்லாரும் கேக்கறாங்க, எப்படி அக்கா இவ்வளவு தைரியம்னு. எனக்கென்னங்க பயம்? வீட்டுலயே ஒரு நாக்கு இருக்கு. அது சரின்னா ஊரே சரிங்கும்."

"அதைப் பத்தித்தான்... ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"ரொட்டி சார்" என்று பணியாள் குறுக்கே புகுந்தான். சுடச்சுட ஒரு கூடை. மூடியிருந்த துணியை விலக்கி, எது எள், எது ஓமம், எது பூண்டு என்று அவன் பாடம் ஒப்பிப்பதற்குள் மெக்கானிக்கின் துணிச்சல் ஆறிப்போனது.

மேசைக்கு நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. அதைவிட்டால் வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவர் அதை மெல்ல அவள் பக்கமாக நகர்த்தினார்.

"என்ன திடீர்னு ரொமான்ஸு? இருபது வருஷம் லேட்டு" என்றாள். ஆனாலும் காதோரத்து முடியைச் சரி செய்துகொண்டாள்.

சூப் வந்தது. காளான் சூப். வேண்டுமென்றேதான் அதை வரவழைத்திருந்தாள். கிண்ணங்களுக்கு இடம் போதாமல் பணியாள் மெழுகுவர்த்தியை எடுத்துச் சுவர் ஓரமாக வைத்துவிட்டுப் போனான்.

அவள் குனிந்து ஒரு வாய் குடித்தாள். தலை நிமிராமலே இன்னொரு கரண்டி மொண்டு அவர் பக்கம் நீட்டினாள்.

"நம்ம சூப்பா, இவங்க சூப்பா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

வாயில் சூடு தெரிந்தது. வழவழப்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு எதிரே பார்த்தார். ஒரே இருட்டு.

"சரி" என்றார்.

அவள் கரண்டி பாதியில் நின்றது.

"சரியா?"

"பிரமாதமா இருக்கு. ஆனா உன்னோடது இதை விட..."

"என்னங்க, இது கருகிப்போன சூப்பு. அலாரம் அடிச்சதே, அதே வெண்ணெய். பச்சைக் குழந்தைகூடத் துப்பிடும்."

அவளே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். "ஓ, கல்யாண நாளும் அதுவுமா சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாதுன்னு பாக்கறீங்க. இல்ல?"

இதைவிட நல்ல கதவு யாரும் திறந்துவிட மாட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், இன்றைய பொழுது சிரிப்பும் பேச்சுமாக முடியும். நாளைக் காலை அவள் போய் வேலையை விட்டுவிடுவாள். இல்லாத ஒரு நாக்கை நம்பி.

"இல்லம்மா" என்றார். "எனக்குத் தெரியல. காய்ச்சல் வந்ததே, அதுலேர்ந்து வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. ஒண்ணுமே தெரியறதில்ல."

"எந்தக் காய்ச்சல்?"

"போன மழையில."

பக்கத்து மேசையில் யாரோ கேக் வெட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டாக்டர்?"

"பாத்தேன். வந்தா வரலாம்னார்."

"தனியாவே போய்ப் பாத்துட்டு, தனியாவே மென்னு முழுங்கியிருக்கீங்க." குரல் ஒரு கணம் இளகியது. உடனே அடுத்த கணக்கு அவளுக்கு உறைத்துவிட்டது. "அப்ப அந்தக் காளான் சூப்பு?"

"தெரியாது."

"எலுமிச்சை கேக்கு? புளிப்பு தூக்கல்னு சொன்னீங்களே! நானும் குறைச்சேனே!"

"சொன்னேன்."

"மிளகு ரசம் சப்புன்னு இருக்குன்னீங்க. ஐயோ, அத்தனையும் குருட்டாம்போக்கா? காசு சுண்டிப் பாத்துச் சொன்னீங்களா? இதை நம்பி நான் கடை வேற திறக்கப் போறேன்!"

பணியாள் எட்டிப்பார்த்து, நிலைமை புரிந்து, வந்த வழியே திரும்பினான். அவள் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள். எழுந்திருக்கவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் எங்கயும் போகல. வேலையும் விடல, ஒண்ணும் விடல. இத்தனை மாசமா சுவர்கிட்ட கேட்டுச் சமைச்சிருக்கேனே! யார் சரின்னு சொன்னதை நம்பி நான் அவ்வளவு பேருக்கு ஆக்கிப் போட்டேன்? சொல்லுங்க, யாரு?"

அவர் கை நீட்டி, அவள் மணிக்கட்டின் மேல் வைத்தார்.

"நீதான்மா. கரண்டியை நீட்டறப்பவே உன் மூஞ்சியில தெரிஞ்சுடும், நான் அதைப் பாத்துச் சொன்னேன், அவ்வளவுதான்."