வட்டம் போட்ட முதுகு

விடியுமுன்பே சலவைக்கூடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூரையில் முட்டிய நீராவி குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகப் பெண்களின் பிடரியில் விழுகிற மழை.

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை இயந்திரம் துவைத்துத் துப்பும். ஈரத்தில் அவை பிணக்கனம் கனக்கும். குனிந்து அள்ள வேண்டும். தோளுயரம் தூக்கி எறிய வேண்டும். எதிரெதிரே இருவர் நின்று விறைப்பாக இழுத்து, கொதிக்கிற உருளைக்குள் கொடுக்க வேண்டும். வெளிவரும் விரிப்பில் கறை தெரிந்தால் நீலச் சாக்கட்டியால் ஒரு வட்டம். ‘வட்டம் போட்ட துணி சரியாகும்வரை மேசையைத் தாண்டக் கூடாது’ என்று முதலாளி தன் கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

நான்காவது மேசையில் ஓரகத்திகள் இருவர். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வலி. தோள்பட்டைகளுக்கு நடுவே, எந்தக் கையும் எட்டாத இடத்தில். வீட்டுக் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொள்ள இருவருக்கும் தினம் போட்டிதான்.

இப்போது கதவு நிலை பெரியவளுக்கு மட்டும். மூன்று வாரத்துக்கு முன் முதலாளி தன் காரிலேயே சின்னவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஓர் ஊசி. பிறகு திரையில் எலும்பைப் பார்த்தபடி முதுகுத்தண்டை ஒட்டி நீளமாக இன்னோர் ஊசி. சில நாளில் சின்னவள் கம்பமாக நிமிர்ந்துவிட்டாள். அவள் சட்டைக் கழுத்துக்குக் கீழே எட்டிப் பார்த்த துண்டுப் பிளாஸ்திரி, பெரியவள் கண்ணுக்கு வைரப் பதக்கமாகத் தெரிந்தது. அது உரிந்து விழுந்த பிறகும் அந்த இடத்தைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

“மகாராணிக்கு வலின்னா காரு வருது. நமக்கு வலிச்சா கண்ணீருதான் வருது” என்பாள், சின்னவள் காதில் விழும்படி.

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த விரிப்பை அள்ளுவாள்.

அன்று காலை முதலாளி மேசை மேசையாக வந்தார்.

“சின்னவ வேகத்தப் பாத்தீங்கல்ல? இன்னையிலேருந்து எல்லாருக்கும் அதே அளவுதான். அவளுக்கும் ரெண்டு கை, உங்களுக்கும் ரெண்டு கை.”

“அவளுக்கு ஊசி போட்டீங்களே ஐயா, எங்களுக்கு?” என்றாள் பெரியவள்.

“அந்த அளவ எட்டிப் பிடி. அடுத்த ஊசி உனக்குத்தான்.”

அவர் போனதும் பெரியவள் வெறி பிடித்தவள்போல் அள்ளினாள். எரிச்சலெல்லாம் கைக்கு இறங்கியது. மூன்றாவது விரிப்பை, வேண்டுமென்றே, வெடுக்கென்று இழுத்தாள்.

எதிர் முனை தளர்ந்தது. சின்னவள் விரிப்போடு தரையில் கிடந்தாள். மூச்சை இழுத்தாள், விட முடியவில்லை.

பெரியவள் ஓடிப்போய் அவள் தலையை மடியில் தாங்கினாள். “ஐயோ, நான்தான்டி இழுத்தேன்! சும்மா ஒரு ஆத்திரத்துல... உனக்குத்தான் வலியே இல்லையே?”

“வலி திரும்பி ஒரு வாரமாச்சுக்கா.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“ஊசி வீக்கத்தத்தான் குறைக்கும், கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், பாரம் தூக்கவே கூடாதுன்னு டாக்டரு எழுதிக் குடுத்தாரு. முதலாளி அந்தச் சீட்ட வாங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. மூணாம் நாளே மேசைக்கு வரச் சொல்லிட்டாரு.” சின்னவள் விம்மினாள். “உன்னப் பாத்து எனக்குத்தான் பொறாமைக்கா. நீ வலிச்சா ‘அம்மா’ன்னு கத்தலாம், ஒரு நிமிஷம் உக்காரலாம். ஊசி போட்டவ எந்த முகத்த வச்சுக்கிட்டு உக்காருவா?”

உருளை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவள் எழுந்துபோய் அதை நிறுத்தினாள். நீலச் சாக்கட்டியை எடுத்தாள். சின்னவளைத் திருப்பி, விரலால் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். சின்னவள் துடித்த இடத்தில் நின்று, அழுத்தமாக ஒரு வட்டம் போட்டாள்.

“இந்தா. எனக்கும் போடு” என்று சாக்கட்டியை நீட்டினாள்.

ஐந்தாம் மேசைக்காரி முதலில் வந்தாள். பிறகு உருளைக்காரி. “அடியே, அவளுக்கு மட்டும் பெருசாப் போடறே? என் வலி என்ன இளப்பமா?” என்று மடிப்புக்காரி சண்டைக்கு வர, ஈரத் தரையில் முதல் சிரிப்பு எழுந்தது. சாக்கட்டி தேய்ந்து நகக்கண் அளவானபோது பதினான்கு முதுகிலும் நீல வட்டம்.

இயந்திரச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியதும் முதலாளி ஓடிவந்தார். “என்ன கூத்து இது? மெஷினப் போடுங்க!”

சின்னவளையும் தூக்கி நிறுத்திக்கொண்டு, பதினான்கு பேரும் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள்.

“வட்டம் போட்டது சரியாகிற வரைக்கும் மேசையத் தாண்டக் கூடாது. நீங்க எழுதினதுதான் ஐயா” என்றாள் பெரியவள், திரும்பாமலே.

“ஓகோ! எல்லாருக்கும் ஊசி வேணுமாக்கும்?”

“யாருக்கு ஊசி, யாருக்கு ஓய்வுன்னு டாக்டரு சொல்லட்டும். ஈரத்துணி ஏத்த வண்டி வாங்குங்க. பழைய அளவே போதும். அதுக்கு முன்னாடி, உங்க பையில இருக்கற அவ சீட்ட வெளிய எடுங்க.”

“வெளிய நூறு பேரு வேலைக்கு நிக்கறான்!”

“வரட்டும் ஐயா. அவங்களுக்கும் முதுகு இருக்கும்ல?”

முதலாளியின் கை சட்டைப்பை வரை போயிற்று, அங்கேயே நின்றது. வாசலில் விடுதி வண்டி ஒலியெழுப்பியது. ஒருமுறை, இருமுறை. யாரும் திரும்பவில்லை.

சின்னவளால் நேராக நிற்க முடியவில்லை, சாய்ந்தாள். பெரியவள் தன் வலிக்கிற முதுகை அவளுக்கு அண்டக் கொடுத்தாள்.

“நல்லா சாஞ்சுக்கடி. இதவிடக் கனமெல்லாம் தூக்கியாச்சு.”