உப்பில்லாத தண்ணீர்

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றான். காப்பியையும் நின்றபடியே குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கொடியில் கிடந்த சட்டையை உருவி, கசங்கல் கசங்கலாகவே மாட்டிக்கொண்டான். பையைத் திறந்து பார்த்தான். தண்ணீர் பாட்டில் இருந்தது, நிறைய, மூடி திறக்காமல். கதவைப் பூட்டினான். பாதிப் படி இறங்கியவன் மறுபடி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தான். மனைவி இறந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம். எந்த வேலையும் ஒரே தடவையில் முடிந்ததாகத் தோன்றுவதில்லை.

அவனுக்கு வண்டி கழுவும் வேலை. கொட்டகையில் ஒரு வடிகட்டி உண்டு. குழாய்த் தண்ணீரில் இருக்கிற உப்பையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் சுத்தத் தண்ணீர் நீளக் கம்பு வழியாக ஏறி, நுனியில் மாட்டிய மெத்தென்ற பிரஷுக்குள் வழியும். அந்தத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழாது. அதனால் துணி போட்டுத் துடைக்க வேண்டியதில்லை. துடைக்கவும் கூடாது. துணியில் ஒரு பொடி மணல் ஒட்டியிருந்தால் போதும், பெயிண்டில் கோடு விழுந்துவிடும். கழுவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். கழுவுவது அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

கூட வேலை பார்ப்பவனுக்கு மீட்டர் என்று பட்டப்பெயர். தண்ணீரில் உப்பு ஏறுகிறதா என்று வடிகட்டியின் மீட்டரையே நாளெல்லாம் முறைத்துக்கொண்டிருப்பான்.

"என்னய்யா இது, மாடு மென்னு துப்பின மாதிரி ஒரு சட்டை?"

"கார் கழுவத்தானே வந்தேன். பொண்ணு பாக்கவா வந்தேன்?"

"சரி, ஒரு இடத்துல நில்லு. நீ நடக்கறதப் பாத்தே எனக்குத் தலை சுத்துது."

அவன் நிற்கவில்லை. வாசலுக்கும் வடிகட்டிக்குமாக நடந்துகொண்டிருந்தான். அப்போதுதான் அந்தக் கறுப்புக் கார் உள்ளே வந்தது. அவன் மனைவி ஓட்டிய கார். அவள் இறந்ததும் அவளுடைய அம்மா எடுத்துக்கொண்டாள். இப்போதும் அத்தைதான் ஓட்டி வந்திருந்தாள்.

"சாயந்தரம் வாங்கறவங்க வராங்க மாப்பிள்ளை. நீங்களே ஒரு தடவ கழுவிக் குடுத்துடுங்க."

கழுவுவதற்கு மட்டும் அவள் வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். பார்க்கும்போதெல்லாம் அத்தை ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். மகள் ஆபீசில் மயங்கி விழுந்தாள், நினைவு திரும்பவே இல்லை. அன்று காலை வாசலில் அவள் கடைசியாகப் பேசியது இவனிடம். என்ன பேசினாள்? போன வாரம் போனில் அத்தை முடிவாகவே சொல்லிவிட்டாள்: "நீங்க சொல்லலன்னா, காரைக் குடுத்ததோட நமக்குள்ள பேச்சு அவ்வளவுதான்."

மனைவியைப் பற்றிப் பேச அவனுக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் அத்தை. ஆனாலும் வாய் வரவில்லை. மனைவி அன்று சொன்னது இத்தனூண்டு. இவ்வளவுதானா என்று அத்தை உடைந்துவிடுவாளோ என்று பயந்தான்.

முதலில் வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் புழுதியை இறக்கினான். பிறகு பிரஷை வைத்தான். கூரையிலிருந்து கீழே, அழுத்தாமல். அத்தை அவன் பின்னாலேயே காரைச் சுற்றி வந்தாள்.

"தலைவலின்னு சொன்னாளா?"

"இல்ல அத்தை."

"உங்களுக்குள்ள சண்டையா?"

"இல்ல."

"அப்ப என்னதான் சொன்னா?"

"பெரிசா ஒண்ணும் இல்ல."

"பெரிசா இல்லன்னா சின்னதா இருந்துச்சா?"

அவன் கம்பைத் தூக்கி அந்தப் பக்கம் போனான். அத்தையும் வந்தாள்.

கழுவி முடித்தான். கம்பைச் சுவரில் சாய்த்தான். கார் முழுக்கத் துளித்துளியாக நின்றது. இனி நிற்க வேண்டும். அவன் வாசல் வரை போனான். திரும்பினான். அத்தைக்கும் இருப்புக்கொள்ளவில்லை போல. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். அது தவறித் தரையில் விழுந்தது. எடுத்து இரண்டு உதறு உதறிவிட்டு, டிரைவர் பக்கக் கதவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"துடைக்காதீங்க."

பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். அதற்குள் கறுப்புக் கதவில் பிறைபோல ஒரு கீறல் விழுந்திருந்தது. மீட்டர் குழாயை மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"சொட்டச் சொட்ட நிக்குது. சும்மா பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"ஆமா. அதுவா காயும்."

அத்தை கையை உருவிக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"ஒரு கீறலுக்கு இப்பிடி ஓடி வரீங்க. அன்னிக்கு அவ உடம்புக்கு என்னவோன்னு தெரிஞ்சே அனுப்பி வெச்சீங்களா மாப்பிள்ளை? அதத்தான் மறைக்கறீங்களா?"

இத்தனை மாதமாக அத்தை நெஞ்சில் போட்டுப் புழுங்கியது இதுதானா? உண்மை அவளை உடைத்துவிடும் என்று இவன் பொத்திவைத்திருக்க, அந்த மௌனம் அவளை அரித்துத் தின்றிருக்கிறது.

உள்ளே போய்ப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான்.

"எனக்குத் தாகமா இருக்குன்னு யார் சொன்னா?"

"குடிக்கற தண்ணி இல்ல அத்தை. இங்க வடிகட்டியில புடிச்சது. அன்னிக்கே புடிச்சேன். மூடி போடும்போதுதான் போன் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கும் பையோடயே வந்தேன். அப்புறம் எடுத்துக் கீழ வைக்கவே தோணல."

"இது எதுக்கு?"

"எங்க இஸ்திரிப் பெட்டி ஆவி விடற ரகம். குழாய்த் தண்ணி ஊத்தினா உப்பு அடைச்சுக்கும்."

அத்தை அப்போதுதான் அவன் சட்டையைப் பார்த்தாள். காலரிலிருந்து கீழ்ப் பொத்தான் வரை பார்த்தாள்.

"அப்ப அவ நல்லாத்தான் இருந்தாளா?"

"நல்லாத்தான் இருந்தா. ஒரு கால்ல செருப்பு போட்டாச்சு, இன்னொண்ணத் தேடிக்கிட்டே சொன்னா. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னா."

"அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

"அவ என்னை 'டா' போட்டுத்தான் பேசுவா அத்தை."

"எனக்குத் தெரியாதா? பெத்தவ நான். சொல்லுங்க."

காரின் கூரை காய்ந்திருந்தது. ஒரு புள்ளி இல்லை. அவன் ஒரே இடத்தில் நின்று சொன்னான்.

"'இஸ்திரிப் பெட்டி வறண்டு கெடக்கு. உன் காருங்க குளிக்கிற தண்ணியில ஒரு பாட்டில் புடிச்சிட்டு வாடா. மறந்தே, நாளைக்குக் கசங்கின சட்டைதான்.'"