பத்தாம் நம்பர் போல்ட்

“போதும்டா வெங்கடேஷ், இனிமே திருகாத! போல்ட்டுல மிச்சமிருக்கிற தலையும் தேஞ்சிடும்!”

ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், வெள்ளைத் துணிப் பந்தலுக்குள் அண்ணாதுரை சவப்பெட்டியில் படுத்திருந்தார். அவர் மனைவி சரசுவோ கார்பார்க்கில், அவருடைய மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று மகனை விரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்பட வேண்டும். இப்போதே பன்னிரண்டு.

நாத்தனார் பாப்பாத்தி வந்து கையைப் பிடித்தாள். “அண்ணி, பஸ்ஸு வந்துருச்சு. நீங்க மட்டும் மோட்டார்ல வந்தா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?”

“சொல்லட்டும். பிடோக் கேன்டீன் வேலைக்குப் போன இருபத்தாறு வருஷத்துல உன் அண்ணன் ஒரு நாளாவது என்னை பஸ் ஸ்டாப்புல நிக்க விட்டாரா? அவரை நான் பஸ்ஸுல போயா அனுப்புறது?”

பாப்பாத்தி கையை விட்டாள்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதத்தில் பேட்டரி செத்துவிட்டது. காலையிலேயே வெங்கடேஷ் புதுசு வாங்கி வந்துவிட்டான். ஆனால் பேட்டரி மூடியை அந்த ஒற்றை போல்ட் விட்டால்தானே!

எல்லாம் அந்த மனுஷன் செய்த வேலை. கப்பல் பட்டறையில் இன்ச் ஸ்பேனர் பிடித்த கை, ஜப்பான் வண்டியையும் அதாலேதான் தொடுவேன் என்று ஒரே பிடிவாதம். பத்தாம் நம்பர், அதாவது பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இன்ச் செட்டில் ஒரு சைஸ் ஏறாது, அடுத்தது லூசு. லூசை வைத்தே திருகித் திருகி ஆறு முனையையும் கோலிக்குண்டு மாதிரி ஆக்கி வைத்திருந்தார். மில்லிமீட்டர் செட் வாங்குங்க என்று இவளும் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள். காதில் விழுந்தால்தானே! பட்டறைச் சத்தம் பாதிக் காதைத் தின்றிருந்தது. அதனால்தான் பின்னால் ஏறியதும் இவள் பேசவே மாட்டாள். முதுகில் இரண்டு தட்டு. ஏறிட்டேன், போலாம். இவளுக்கு மூட்டுவலி வந்த பிறகு வண்டியை இவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு தட்டு விழும்வரை அசையமாட்டார்.

தஞ்சோங் பகாரிலிருந்து வந்திருந்த அதீஃப் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். அண்ணாதுரையோடு பட்டறையில் வேலை பார்த்தவர்.

“அண்ணி, அண்ணனோட டூல் பாக்ஸ் எங்க?”

“அந்த இன்ச் சனியனா? அதாலதானே இந்தக் கூத்து!”

“எடுத்துட்டு வரச் சொல்லுங்க லா.”

வெங்கடேஷ் வீட்டுக்கு ஓடிப்போய்த் தூக்கி வந்தான். போல்ட்டைச் சுற்றி எண்ணெய் அடித்துவிட்டு, அதீஃப் போல்ட் தலையில் குல்லா மாதிரி மாட்டும் ஒரு சின்ன சாக்கெட்டைத் தேடி எடுத்தார்.

“அங்கிள், அது ஏறாத சைஸ்.”

“அன்னைக்கு ஏறல. இப்பத்தான் தலை தேஞ்சு கிடக்குதே. அடிச்சு இறக்குனா கவ்விக்கும்.”

சுத்தியலால் நாலு அடி. சாக்கெட் இறுக்கமாக உட்கார்ந்தது. கைப்பிடியை மாட்டி, அதீஃப் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக அழுத்தினார். ‘டக்’கென்று ஒரு சத்தம். போல்ட் சுழன்று வந்தது.

சரசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடென்றும் பார்க்காமல் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “கெடுத்ததும் அவரு ஸ்பேனர், கழட்டுனதும் அவரு சாமான்! கடைசி வரைக்கும் எனக்கு வண்டி ரெடி பண்ணிக் குடுத்துட்டுத்தான் போறாரு. நல்லா இருங்க தம்பி.”

புது பேட்டரி ஏறியது. மூன்றாவது அழுத்தலில் எஞ்சின் உறுமியது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பாத்திதான் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வழி நெடுக, மகனுக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னால் போகும் அமரர் ஊர்தியையே பார்த்தபடி வந்தாள். ஒரு சிக்னலில்கூட அது கண்ணைவிட்டு மறையவில்லை.

மண்டாயில் சடங்கு முடிந்து பெட்டியை மூடினார்கள்.

“அம்மா, கடைசியா தொட்டுக்குங்க. பெட்டி உள்ள போயிடும்,” என்றார் தகனச்சாலை ஊழியர்.

சரசு ஹெல்மெட்டை வெங்கடேஷிடம் கொடுத்தாள். பெட்டியின் மேல், அவர் தோள் இருக்கும் இடம் பார்த்து, இரண்டு தட்டுத் தட்டினாள்.

பெட்டி நகர்ந்தது.