முப்பதைத் தாண்டிய ஹில்லார்

கடலோர ஊரான ஹாப்சாலுவில் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு ஹில்லார் என்ற பெயரைக் கேட்டாலே பிரேக் எது, கிளட்ச் எது என்று மறந்துபோகும். ஓட்டுநர் தேர்வு அதிகாரி அவர். பனிக்காலம் வந்துவிட்டால் இரண்டே மந்திரம்தான்: பெல்ட் மார்பில் இருக்கணும், வேகம் காட்டும் முள் முப்பதில் இருக்கணும். இதில் பிசகினால் பெற்ற பிள்ளையையும் ஃபெயிலாக்குவார்.

அப்பேர்ப்பட்டவர் அன்று உறைந்த கடலுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டுத் தயங்கிக்கொண்டிருந்தார். பனிக்கட்டிமேல் போட்ட சாலை நேராகத் தீவுக்குப் போகிறது. பக்கத்து இருக்கையில் லெய்தா. தீவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள், பல் பிடுங்கிக்கொள்ள இந்தக் கரைக்கு வந்தவள். கொண்டுபோய் விடுகிறேன் என்று இவர்தான் வலியப் போய்ச் சொன்னார். இருவருமே துணையை இழந்தவர்கள். இரண்டு வருஷமாகத் தொண்டைக்குழியில் நிற்கும் கல்யாணப் பேச்சை அக்கரை சேர்வதற்குள் கேட்டுவிட வேண்டும். ஏனென்றால் தீவில் ஒரு மீன்காரன் முந்திக்கொண்டு கேட்டுவிட்டான். அவனுக்கு இன்று மாலை பதில் சொல்வதாக லெய்தா வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

சாலைக் காவலுக்கு நின்றவன் ஊர்மாஸ், லெய்தாவின் அக்கா மகன். ஹில்லாரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"பெல்ட்டக் கழட்டுங்க சார்."

"யார்கிட்ட பேசுற தெரியுதா?"

"மூணு தடவ ஃபெயிலாக்கினீங்களே, மறப்பேனா? பனி உடைஞ்சா சட்டுனு வெளிய குதிக்கணும் சார், அதுக்குத்தான். அப்புறம், இருபத்தஞ்சுக்குக் கீழ போங்க, இல்லன்னா நாப்பதுக்கு மேல போங்க. ரெண்டுக்கும் நடுவுல போனா அடியில அலை எழும்பி பனிய உடைச்சிரும். எங்கயும் நிறுத்தாதீங்க."

"அப்ப முப்பது?"

"முப்பதுல போனா நேரா மீனுங்கக்கிட்டதான்!"

ஹில்லார் பெல்ட்டைக் கழற்றினார். சட்டையைக் கழற்றியதுபோல் கூசியது. வண்டி இருபதில் நகர்ந்ததும் இரண்டு இருக்கைகளின் பெல்ட் அலாரங்களும் கீ கீ என்று கத்தத் தொடங்கின.

"லெய்தா, நான் ஒண்ணு..."

கீ கீ.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி வாயைத் திறந்தார், மறுபடி மூடினார். பாவம், மனிதருக்கு வியர்த்து வழிந்தது.

"பெல்ட்ட முதுகுக்குப் பின்னால மாட்டுங்க ஆபீஸரே, சத்தம் நிக்கும். இங்க எல்லாரும் அப்படித்தான்."

"ஊர்மாஸ அதுக்குத்தான் ஃபெயிலாக்கினேன்!"

"தெரியும். தீவுப் பழக்கத்துல பின்னால மாட்டிக்கிட்டே டெஸ்டுக்கு வந்துட்டான் புள்ள."

இந்தச் சத்தத்தில் கல்யாணப் பேச்சா? ஓரமாக நிறுத்தி முறையாகக் கேட்போம் என்று நினைத்தார். கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதீங்க!" என்று லெய்தா அலறினாள். "கேக்க வேண்டியத ஓட்டிக்கிட்டே கேளுங்க! இந்த வேகத்துல போனா மீன்காரன் கரையில பூச்செண்டோட நிப்பான்."

ஹில்லாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது! ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். முள் முப்பதுக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. நாற்பதைத் தாண்டி ஐம்பதில் நின்றதும் ஒரு கையைப் பின்னால் விட்டு, பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் இழுத்து, டக்கென்று மாட்டினார். அவர் பக்கத்துச் சத்தம் நின்றது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

லெய்தா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் பக்கத்து அலாரம் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. ஹில்லாருக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் அவள் பெல்ட்டிலிருந்தும் ஒரு டக். கார் முழுக்க அமைதி.

"இப்பச் சொல்லுங்க. சரியா காதுல விழல."

சொன்னார், கத்தியே சொன்னார்.

"பண்ணிக்கிறேன். ஆனா ஊர்மாஸுக்கு லைசென்ஸ் குடுக்கணும்."

"அதெப்படி? டெஸ்டுல பெல்ட்ட..." என்று ஆரம்பித்த ஹில்லார், குனிந்து பெல்ட் இல்லாத தன் மார்பைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வரச் சொல்லுங்க," என்றார். "முன்னால மாட்டிக்கிட்டு."