டீக்குப் போட்ட பொடி

பந்தல்குடியில் அப்துல் பாரி பாயின் டீக்கடைக்கு அடுத்தது என் பஞ்சர் கடை. லாரி வராத நேரமெல்லாம் ஊர் வம்பு பார்ப்பதுதான் எனக்கு வேலை. அதனால் நான் சொல்வதைத் தாராளமாக நம்பலாம்.

பாயின் பெண்டாட்டி ஆசிபா வால்பாறைக்காரி. கல்யாணமாகி வந்தபோது சீரோடு சீராக ஒரு தேயிலைக் கன்றையும் கொண்டுவந்தாள். பெயிண்டு வாளியில் செம்மண் நிரப்பி, கடைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் நட்டாள். எங்கள் வெயிலில் கருவேல முள்ளுக்கே கண்ணைக் கட்டும். "இது பிழைச்சா நானும் இங்க பிழைச்சுக்குவேன் மச்சான்" என்றாள். பாய் சிரித்தார். இலை ஒவ்வொன்றாகக் கொட்ட ஆரம்பித்ததும் மனுஷனுக்குச் சிரிப்பு போய்விட்டது. காலையில் பால் பொங்கியதா என்று பார்க்கும் முன்னால் வாளியைப் போய்ப் பார்ப்பார்.

ஆசிபாவின் அண்ணன் சகாபுதீனுக்கு எஸ்டேட் நாற்றங்காலில் வேலை. தங்கச்சி அழுததைக் கேட்டு, பஸ்ஸு பார்சலில் ஒரு பொட்டலம் அனுப்பினான். அது வந்த நேரம் ஆசிபா பல் வலிக்கு அருப்புக்கோட்டை போயிருந்தாள். போனில், "பொடி வந்துருச்சா மச்சான்? உடனே டீக்குப் போட்டுருங்க" என்றாள். அவள் பிறந்த மலையில் செடிக்கே டீ என்றுதான் பேர். எங்களுக்கு டீ என்றால் கிளாசில் இருப்பது.

பொட்டலத்தைப் பல்லால் கிழித்தால், உள்ளே கருகருவென்று டீத்தூள் மாதிரியே இருந்தது. "எஸ்டேட் சரக்குலே! காசு குடுத்தாலும் கெடைக்காது" என்று அலட்டிக்கொண்டே பாய் அதை வடிகட்டியில் கொட்டிக் கொதிநீரை ஊற்றினார்.

நானும் குடித்தேன். மழை பெய்த காட்டு வாசம் அடித்தது. பாயின் டீயைக் குறை சொல்லாமல் குடித்தே அறியாத லாரி டிரைவர் கருத்தப்பாண்டி அண்ணன், "இதாம்யா டீ! இதுலதான் உயிரு இருக்கு" என்று இன்னொரு கிளாஸ் வாங்கினார்.

ஆசிபா வந்து காலிப் பொட்டலத்தைப் பார்த்தாள். "ஐயோ மச்சான்! இது பாக்டீரியா. வேர்ல உக்காந்து செடிய வளத்துவிடுறது. ஆறுன கஞ்சியில கரைச்சு ஊத்தணும். வெந்நியில போட்டீகளே!"

கருத்தப்பாண்டி வயிற்றைப் பிடித்தார். "தாயி, எனக்கு உள்ள வேரு கீரு விட்டுறாதே?"

"நல்ல பாக்டீரியாதாண்ணே. அதுவும் வெந்து செத்துப்போச்சு."

"அடப்பாவமே" என்று அவர் செத்ததுகளுக்காக உச்சுக்கொட்டினார். வளர்த்துவிடும் என்றதும் நான் ரகசியமாக என் வழுக்கையைத் தடவிப் பார்த்தேன். ஒன்றையும் காணோம்.

ஆசிபா வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கே பாவமாக இருந்தது. பாய் பொட்டலத்தை உதறு உதறென்று உதறினார். ஒரு சிட்டிகைகூட இல்லை. அப்போது கருத்தப்பாண்டி, "பாய், ஒம்ம கைலியப் பாரும்" என்றார். கிழித்தபோது சிந்தின பொடி, வெள்ளைக் கைலியில் திட்டுத்திட்டாக அப்பியிருந்தது. வேகாத பொடி!

ஆசிபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கழட்டுங்க."

"ஏம்மா, ரோட்டோரம்..."

"கழட்டுங்க மச்சான்!"

பாய் துண்டைக் கட்டிக்கொண்டு பாய்லருக்குப் பின்னால் ஒளிந்தார். தூத்துக்குடி பஸ்ஸு ஹாரன் அடித்து மரியாதை செய்துவிட்டுப் போனது. கைலியை ஆறிய கஞ்சியில் அலசி, அந்தக் கஞ்சியை ஆசிபா வேரில் ஊற்றினாள்.

ஐப்பசி பிறந்து ஒரு காலையில் அவள் போட்ட சத்தத்தில் நான் ஜாக்கியைக் காலில் போட்டுக்கொண்டேன். மொட்டைக் குச்சியின் நுனியில் பச்சைப்பயறு அளவு ஒரு துளிர். நானும் பாயும் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆசிபா அண்ணனுக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தாள். "பாருண்ணே, நம்ம ஊரு வெயில்லயே துளிர் விட்டுருச்சு!"

"நம்ம ஊரா? எது, பந்தல்குடியா?" என்றான் சகாபுதீன்.

"பின்ன?" என்றாள்.

பாய் துளிரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்குத் திரும்பி, நான் கேட்காமலே ஒரு டீ போட்டுக் கொடுத்தார். சீனிக்குப் பதில் உப்பு போட்டிருந்தார். நான் மூச்சுக்காட்டாமல் முழுசாகக் குடித்தேன்.