டீசல் முள் இறங்குவதில்லை

என் டிராக்டரின் டீசல் முள் வாங்கிய நாளிலிருந்து இறங்கியதில்லை. டாங்கி நிறைந்திருப்பதாகவே காட்டும். அதனால் நான் டீசல் ஊற்றியதில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்று காலை உழவுக்கு நடுவே என்ன தோன்றியதோ, டாங்கிக்குள் ஒரு குச்சி விட்டுப் பார்த்தேன். குச்சி உலர்ந்து வந்தது. வண்டி நின்றுவிட்டது.

நேற்றைய மழையின் பதம் சாயங்காலம் வரைதான் இருக்கும். அதற்குள் விதைக்காவிட்டால் இந்த வருடம் வேர்க்கடலை இல்லை. விதைக் கடலையை ஓடு உடைத்தாகிவிட்டது. உடைத்த பருப்பு காத்திருக்காது.

மெக்கானிக் ஜாபர் பாய் வந்தார். டாங்கியிலிருந்து வரும் ஒயரைக் கழற்றினார். முள் காலிக்கு விழுந்தது. ஒயரை வண்டியின் இரும்பில் தொட்டார். முள் மறுபடி ஏறியது.

"முள்ளு நல்லாத்தான் இருக்கு. ஒயரும் நல்லா இருக்கு."

"அப்ப எதுல கோளாறு பாய்?"

"உள்ள மிதவை இருக்கும். டீசல் இறங்கினா அதுவும் இறங்கணும். இறங்கலன்னா யாரோ புடிச்சிக்கினு இருக்காங்க."

"யாரு?"

"நான் மெக்கானிக்குங்க. குடும்ப விஷயத்துல தலையிட மாட்டேன்."

மூடியைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஏணி இருந்தது. இறங்கினேன். எங்கள் வீட்டுக் கூடம் அளவுக்கு இடம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மிதவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான் என் தம்பி தணிகாசலம். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

"வாண்ணா," என்றான். கையை இறக்கவில்லை.

"டீசல் எங்கடா?"

"அது எப்பவோ தீந்துபோச்சு."

"அப்ப வண்டி எதுல ஓடிச்சு?"

"நீ நம்பிக்கினு இருந்தே, ஓடிச்சு. இன்னிக்குக் குச்சி விட்டே, நின்னுடுச்சு."

கூடப் பிறந்தவன். பொங்கலுக்குப் பொங்கல் பையோடு வந்து திருப்பூர் கதையெல்லாம் சொல்வான். நானும் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன்.

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே நின்னிருக்குமே."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் வலித்தது.

"பதம் போவுதுண்ணா. நீ இனிமே நம்ப மாட்டே. இதப் புடி. நான் போய் ஓட்டுறேன்."

"காலின்னு உனக்குத்தான் தெரியுமே. உனக்கு எப்படிடா ஓடும்?"

"புடிக்கிறது நீயாச்சே. நீ என்னிக்கும் பொய் சொன்னதில்ல. நான் நம்புவேன்."

மிதவையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போய் மூடியைத் திருகினான். மேலே சாவியின் முதல் திருப்பிலேயே இன்ஜின் எடுத்தது. கலப்பைக் கொழு மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. என்னைவிட நேராக ஓட்டினான்.

வரப்போரம் வண்டி திரும்பியபோது மூடி திறந்தது. என் மனைவி பூங்காவனம் குனிந்து காபி டம்ளரை நீட்டினாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. ஒரு கையால் வாங்கிக் குடித்தேன். தம்பிக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக இருந்தது.

"உனக்கும் தெரியுமா?"

"சூடு ஆறதுக்குள்ள குடிங்க," என்றாள். "கைய மட்டும் இறக்கிடாதீங்க."

மூடியைத் திருகி மூடினாள். எனக்கு அழுகை வந்தது. கையை இறக்கினால் போதும், எல்லாம் நின்றுவிடும். ஆனால் பாதி நிலம் இன்னும் பாக்கி இருந்தது. நான் இறக்கவில்லை.